மூன்றாம் ஆண்டைக் கேளுங்கள்

அமெரிக்காவில் சின்னக் கல்லூரி ஒன்றைச் சுற்றிப் பார்க்கப் போனால், அவர்கள் காட்டுவதெல்லாம் முதல் ஆண்டு. பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பறை, மாணவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பேராசிரியர், கண்ணாடிச் சுவர் வைத்த புது அறிவியல் கட்டடம். அத்தனையும் உண்மைதான். ஆனால் அறிவியலை முதன்மைப் பாடமாக எடுக்கப்போகிற பிள்ளைக்கு அந்த இடம் சரிப்படுமா என்பது மூன்றாம், நான்காம் ஆண்டுகளில்தான் தெரியும். அந்த இரண்டு ஆண்டுகளை யாரும் தாமாகக் காட்டுவதில்லை. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நான் அப்படியொரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறவன். மத்திய மேற்கில், ஊர் எல்லை தாண்டினால் சோளக்காடு தொடங்கிவிடும் இடம். மொத்த மாணவர்கள் இரண்டாயிரத்துக்குள். முதுகலை கிடையாது, ஆய்வுப் படிப்பு கிடையாது, இளநிலை மாணவர்கள் மட்டும்தான். மார்ச் கடைசிக்குள் சேர்க்கைக் கடிதங்கள் வந்துவிடும். பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1-க்குள் பதில் சொல்லியாக வேண்டும். நடுவில் இருக்கும் ஏப்ரல் மாதம் முழுக்க எனக்குத் தொலைபேசி வரும். கோயம்புத்தூரிலிருந்து, சென்னையிலிருந்து, நியூஜெர்சியிலிருந்து, தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள்.

"சார், ரேங்க் முப்பதுக்குள்ள இருக்கு. பயாலஜிக்கு நல்லா இருக்குங்களா?"

"கடைசி நாலு செமஸ்டர்ல அந்த டிபார்ட்மென்ட்ல என்னென்ன பாடம் நடந்திருக்குன்னு பாத்தீங்களா?"

பெரும்பாலும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது. அதனால்தான் இதை எழுதிவைக்கத் தோன்றியது.

இந்தக் கல்லூரிகளில் அறிவியல் ஒப்புக்குத்தான் இருக்கும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. அதை முதலில் தள்ளிவைத்துவிடலாம். ஆர்.என்.ஏ.வே வினையூக்கியாக வேலை செய்யும் என்று கண்டு 1989-இல் வேதியியல் நோபல் பகிர்ந்துகொண்ட தாமஸ் செக், ஐயோவா மாநிலத்தின் கிரின்னெல் கல்லூரியில் 1970-இல் பட்டம் வாங்கியவர். அவரிடம் கொலராடோவில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு செய்த ஜெனிஃபர் டௌட்னா, கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் படித்தவர். மரபணுத் திருத்தத்துக்காக 2020-இல் அவருக்கும் நோபல் வந்தது. பொமோனாவில் படிக்கும்போது அறிவியலை விட்டுவிட்டுப் பிரெஞ்சுக்குப் போய்விடலாமா என்று டௌட்னா யோசித்த காலம் ஒன்று உண்டு. அறிவியலிலேயே இரு என்று சொன்னவர் அவருடைய பிரெஞ்சு ஆசிரியர்தான். மண் பாக்டீரியாக்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஷாரன் பனசென்கோ என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் டௌட்னாவுக்கு அங்கே இடம் கிடைத்தது.

செக் 1999-இல் 'டேடலஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டார். தலைக்கணக்கில் பார்த்தால், பிற்பாடு அறிவியலில் முனைவர் பட்டம் வாங்குகிறவர்களைத் தருவதில் நல்ல சிறு கல்லூரிகள் பெரிய பல்கலைக்கழகங்களை முந்துகின்றன என்று காட்டினார். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கணக்குகளிலும் ஹார்வி மட், ரீட், ஸ்வார்த்மோர், கார்ல்டன், கிரின்னெல் என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப மேலே வரும். ஓஹையோவின் ஓபர்லின் கல்லூரி இன்னும் பழையது. 1885-இல் அங்கே பட்டம் வாங்கிய சார்லஸ் மார்ட்டின் ஹால், தன் வேதியியல் ஆசிரியர் ஃபிராங்க் ஜூவெட்டின் ஊக்கத்தில், வீட்டு விறகுக் கொட்டகையில் 1886-இல் மின்பகுப்பு முறையில் அலுமினியம் பிரித்தெடுத்தார். (மதுரைக்காரர்களுக்கு ஓபர்லின் புதிய பெயராக இருக்காது. அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் அங்கிருந்து இளம் பட்டதாரிகள் வந்துபோவது நெடுநாள் வழக்கம்.)

பெயர் பெற்ற இந்த வரிசைக்குக் கீழே நூற்றுக்கணக்கான சிறு கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் எது நல்லது, எது பெயருக்கு நடப்பது என்று பிரித்தறியத்தான் உழைக்க வேண்டும்.

சிறியதாக இருப்பதே முதல் ஆண்டில் பெரிய வரம். பெரிய பல்கலைக்கழகத்தில் பொது வேதியியல் வகுப்பில் முந்நூறு பேர் இருப்பார்கள், ஆய்வக நேரத்தை ஆய்வு மாணவர்கள் நடத்துவார்கள். எங்கள் கல்லூரியில் முதல் நாள் பியூரெட்டைப் பிடிக்கச் சொல்லித்தருவதும் பேராசிரியர்தான், செமஸ்டர் முடிவில் விடைத்தாள் திருத்துவதும் அவர்தான். இதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லூரியின் கையேட்டிலும் இருக்கும்.

மூன்றாம் ஆண்டில் அதே சிறுமை கழுத்தைப் பிடிக்கும். எங்களைப் போன்ற கல்லூரியில் இயற்பியல் துறை என்றால் நாலைந்து பேராசிரியர்கள் இருப்பார்கள். முதலாண்டுப் பாடங்கள், மருத்துவம் போக நினைப்பவர்களுக்கான பாடங்கள், பிற துறை மாணவர்களுக்கான பாடங்கள் எல்லாவற்றையும் அவர்களே பார்க்க வேண்டும். அதற்குமேல் குவாண்டம் இயங்கியல், மின்காந்தவியல், வெப்ப இயற்பியல், உயர்நிலை ஆய்வகம். அத்தனையையும் ஆண்டுதோறும் நடத்த ஆள் கிடையாது. ஆகவே மேல்நிலைப் பாடங்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு வரும். அதில் குற்றமில்லை; ஒழுங்காகத் திட்டமிட்டால் நான்கு ஆண்டுக்குள் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டர் ஸ்காட்லாந்து போய்ப் படிக்கலாம் என்று மாணவி கிளம்பும்போது, அவள் விட்டுப்போகும் மின்காந்தவியல் இனி எப்போது வரும் என்று யாராவது முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். நல்ல துறையில் அதைப் பார்ப்பது அவளுடைய ஆலோசகரின் வேலை. அவர் இரண்டாம் ஆண்டிலேயே அவளை உட்காரவைத்து எட்டு செமஸ்டரையும் ஒரு தாளில் எழுதச் சொல்வார்.

கல்லூரியின் பாடப் பட்டியலான கேட்டலாகை நம்ப வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்வேன். துறை என்றைக்கோ நடத்திய, என்றைக்காவது நடத்த விரும்பும் பாடங்கள் எல்லாம் அதில் இருக்கும். பார்க்க வேண்டியது அந்தந்த செமஸ்டரில் உண்மையாக நடந்த வகுப்புகளின் அட்டவணை. பல கல்லூரிகளில் பதிவாளர் அலுவலகம் அதைப் பொதுவில் வைத்திருக்கும். இல்லையென்றால் கேட்டால் தருவார்கள். கடைசி நான்கு செமஸ்டரை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் துறையின் நாடி பிடிபட்டுவிடும். பட்டத்துக்கு வேண்டிய பாடங்கள் மட்டும் வந்திருக்கின்றனவா, அவற்றுக்கு மேல் ஒன்றிரண்டு விருப்பப் பாடங்களும் வந்திருக்கின்றனவா? பௌதிக வேதியியல் எடுத்தவர் நிரந்தரப் பேராசிரியரா, ஓராண்டுக்கு வந்த தற்காலிக ஆளா? ஆறு ஆண்டு பணிக்குப் பிறகு ஆய்வு விடுப்பு எடுப்பது இங்கே வழக்கம். அஞ்சு பேர் உள்ள துறையில் ஒருவர் விடுப்பில் போனால் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. என் பிள்ளை மூன்றாம் ஆண்டு படிக்கும்போது யார் விடுப்பில் இருப்பார், அவர் பாடத்தை யார் எடுப்பார் என்று துறைத் தலைவரிடம் தாராளமாகக் கேட்கலாம். என்னிடம் கேட்டால் நான் சந்தோஷப்படுவேன். விவரம் தெரிந்த மாணவர் வருகிறார் என்று அர்த்தம்.

கணிதத் துறையையும் சேர்த்துப் பாருங்கள். இயற்பியல் மாணவருக்கு நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் நேரத்துக்குக் கிடைக்காவிட்டால் குவாண்டம் வகுப்பில் தடுமாறுவார். பக்கத்துக் கல்லூரிகளோடு கூட்டு வைத்திருக்கும் இடங்களில் இந்தக் கவலை குறைவு. ஸ்வார்த்மோர், ஹாவர்ஃபோர்ட், பிரின் மார் மூன்றும் ஒன்றின் மாணவர் மற்றதில் பாடம் எடுக்கலாம் என்று வைத்திருக்கின்றன. ஆம்ஹர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் மாணவர்கள் பக்கத்திலேயே இருக்கும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பட்டமேற்படிப்பு வகுப்பிலேயே உட்கார முடியும். இது பெரிய வசதி. வயற்காட்டு நடுவில் தனியாக நிற்கும் எங்களுக்கு அது கிடையாது.

அடுத்தது ஆள் கணக்கு. ஒன்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று கல்லூரி சொல்வது கல்லூரி முழுமைக்குமான சராசரி. ஆளே இல்லாத துறையும் அதில் அடங்கும், மூச்சுத் திணறும் துறையும் அடங்கும். 'காலேஜ் நேவிகேட்டர்' என்று அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவர நிறுவனம் இணையதளம் ஒன்றை வைத்திருக்கிறது. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்தில் ஓர் ஆண்டில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்று அதில் பார்க்கலாம், காசு கிடையாது. உயிரியலில் ஆண்டுக்கு அறுபது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். துறையில் பேராசிரியர்கள் எட்டுப் பேர். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் சேர்த்து நூற்றிருபது மாணவர்கள். ஒரு பேராசிரியர் ஒரு நேரத்தில் நாலு பேரைத்தான் தன் ஆய்வில் ஒழுங்காகக் கவனிக்க முடியும். எனக்கு அதுதான் உச்சவரம்பு. ஆக முப்பத்திரண்டு இடம். மீதி எண்பத்தெட்டுப் பேருக்கு 'ஆய்வு வாய்ப்பு' கையேட்டில் மட்டும்தான்.

இயற்பியலில் கதை நேர்மாறு. ஆண்டுக்கு இரண்டே பேர் பட்டம் வாங்கும் துறைகள் உண்டு. ஆசிரியரின் கவனம் முழுக்கக் கிடைக்கும். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குக் கரும்பலகை முன்னால் நின்று சண்டை போட்டுக் கணக்குப் போடக் கூட்டாளி இருக்க மாட்டார். இயற்பியல் அப்படித்தான் மண்டையில் ஏறும். வகுப்பில் ஆறிலிருந்து பன்னிரண்டு பேர் இருந்தால் நல்லது என்பது என் கணிப்பு.

இனி என் மனசுக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன்: கருவிகள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள், கட்டடத்தை நன்கொடையாளர் கட்டிக்கொடுப்பார். கருவி அறைக்குள் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அமெரிக்க வேதியியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற துறை என்றால் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) கருவி இருந்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே "இருக்கிறதா" என்று கேட்பதில் பயனில்லை. அதன் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கும், அல்லது திரையில் முன்பதிவுப் பட்டியல் இருக்கும். அதைப் பாருங்கள். நேற்று யார் உபயோகித்தார்கள்? பேராசிரியர் பெயரும் கருவிப் பொறுப்பாளர் பெயரும் மட்டும் மாறிமாறி வந்தால், மாணவர்கள் மாதிரியைக் கொடுத்துவிட்டு அச்சடித்த தாளை வாங்கிப் போகிறார்கள் என்று பொருள். மாணவர்களின் கையெழுத்து கோணலும் மாணலுமாக, சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கும் இருந்தால் அந்தத் துறையை நம்பலாம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டாம் ஆண்டு முடித்த மாணவி ஒருத்தி கோடையில் என்னோடு வேலை செய்தாள். ஒரு சேர்மத்தைத் தயாரித்து, சுத்தம் செய்து, டியூட்டரியம் ஏற்றிய குளோரோஃபாமில் கரைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றித் தானே கருவியில் இறக்கினாள். நிறமாலை வந்தது. அவள் எதிர்பார்த்த முகடுகள் எல்லாம் இருந்தன. கூடவே 2.17 பிபிஎம்-இல் ஒற்றையாக, கூர்மையாக, எதற்கும் பொருந்தாத ஒரு முகடு. அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. புதிதாக ஏதோ உருவாகியிருக்கிறது என்று வரைபடத்தில் கட்டமைப்புகளாக எழுதித்தள்ளினாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பதில் எனக்குத் தெரியும், சொல்லவில்லை. "இந்தக் குழாயைக் கடைசியா எதால கழுவினம்மா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "அசிட்டோன்" என்றாள். குழாயைக் கழுவிய அசிட்டோன் முழுசாக உலரவில்லை. அதன் முகடு அங்கேதான் வரும். அன்று மாலை அவளே உட்கார்ந்து, எங்கள் ஆய்வகத்தில் உள்ள கரைப்பான்கள் ஒவ்வொன்றும் எங்கே முகடு காட்டும் என்று பட்டியல் போட்டுக் கருவி மேசையில் ஒட்டினாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

முந்நூறு பேர் படிக்கும் இடத்தில் இந்த அரை மணி நேரம் கிடைக்காது. சின்னக் கல்லூரியிலும் கருவியை மாணவரிடம் கொடுக்கப் பயப்படுகிற துறையில் கிடைக்காது. பயப்படுவதற்குக் காரணமும் உண்டு. என்எம்ஆரின் காந்தத்துக்குத் திரவ ஹீலியம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதன் விலை ஏறிக்கொண்டே போகிறது. பழுதானால் சரிசெய்ய வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும். எனவே பராமரிப்புப் பணம் எங்கிருந்து வருகிறது, கருவிக்கென்று முழுநேரப் பொறுப்பாளர் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். ஆரெகனில் உள்ள ரீட் கல்லூரி 1968-இலிருந்து ஓர் ஆராய்ச்சி அணு உலையை நடத்திவருகிறது. அதை இயக்குவதில் பெரும்பங்கு இளநிலை மாணவர்களுடையது. அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் தேர்வெழுதி உரிமம் வாங்குகிறார்கள், தத்துவம் படிக்கிறவர்கள்கூட. அணு உலையையே நம்பிக் கொடுக்க முடியுமென்றால் நிறமாலைமானியைக் கொடுக்க முடியாதா என்று நான் எங்கள் துறைக் கூட்டங்களில் சொல்வதுண்டு.

நடைவழியில் தொங்கும் போஸ்டர்களையும் நின்று படியுங்கள். தேதி என்ன? மூன்று ஆண்டுக்கு முந்தையவையே தொங்கினால் நடுவில் ஏதோ நின்றுபோயிருக்கிறது. ஆசிரியர் வரிசையில் மாணவர் பெயர் முதலில் இருக்கிறதா? ரீட்டிலும் ஓஹையோவின் வூஸ்டரிலும் கடைசி ஆண்டில் எல்லா மாணவரும் ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும். அப்படிக் கட்டாயம் வைத்திருக்கும் கல்லூரி, எல்லோருக்கும் வழிகாட்டி, இடம், பொருள் என்று தேடித் தர வேண்டிய கட்டாயத்தைத் தனக்கும் விதித்துக்கொள்கிறது. விருப்பமிருந்தால் எழுதலாம் என்கிற இடத்தில், எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதில் தனியாக ஒரு கண்டம் இருக்கிறது. சேர்க்கை அலுவலகம் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கோடையில் பத்து வாரம் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போய் உதவித்தொகையோடு ஆய்வு செய்யத் தேசிய அறிவியல் அறக்கட்டளை பெரிய திட்டம் ஒன்று வைத்திருக்கிறது. எங்கள் அமெரிக்க மாணவர்கள் பலர் அதில்தான் வளர்கிறார்கள். அந்தப் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) வைத்திருப்பவர்களுக்கும் மட்டும். அறிவியல் படிக்கும் இளநிலை மாணவர்களுக்கான கோல்ட்வாட்டர் உதவித்தொகையும் அப்படியே. மாணவர் விசாவில் வந்த பிள்ளைக்கு எஞ்சுவது கல்லூரியின் சொந்தக் கோடை நிதி. விடுமுறையில் வளாகத்துக்குள் முழுநேரம் வேலை செய்ய விசா இடம் கொடுக்கிறது; கொடுக்கப் பணம் இருக்கிறதா என்பதே கேள்வி. எனவே நேரடியாக இப்படிக் கேளுங்கள்: வெளிநாட்டு மாணவர்களுக்கும் கோடை ஆய்வுக்குச் சம்பளம் தருவீர்களா, போன கோடையில் எத்தனை பேருக்குத் தந்தீர்கள், வளாகத்தில் தங்க இடம் உண்டா? நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி வேண்டாம். திருச்சியிலிருந்து வருகிற பிள்ளைக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

பணத்தைப் பேசும்போது கல்லூரியின் பணநிலையையும் பார்த்துவிடுங்கள். வெர்மான்ட்டின் மார்ல்போரோ கல்லூரி 2020-இல் மூடப்பட்டது. 1868-இல் தொடங்கிய நியூயார்க் மாநிலத்தின் வெல்ஸ் கல்லூரி 2024 ஏப்ரல் கடைசியில் அறிவித்துவிட்டு, அந்த செமஸ்டரோடு கதவைச் சாத்தியது. கல்லூரி மூடாவிட்டாலும், ஆள் குறைவான துறையை மூடுவது நடக்கிறது, அதில் இயற்பியல் அடிக்கடி மாட்டும். ஐந்து ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறதா, ஓய்வு பெற்ற பேராசிரியரின் இடத்தில் புது ஆளை நிரந்தரமாக எடுத்தார்களா என்று பாருங்கள். கட்டணப் பட்டியலில் ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் போட்டிருக்கும் கல்லூரிகள் நிறைய. உதவி கழித்துக் கையிலிருந்து போவது எவ்வளவு என்பதே கணக்கு.

எல்லாப் பிள்ளைக்கும் எங்கள் மாதிரிக் கல்லூரி பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். பன்னிரண்டாம் வகுப்பிலேயே கணித ஒலிம்பியாடில் தேசிய அளவுக்குப் போன பையனின் அப்பா ஒருமுறை கேட்டார். கூட்டு வசதி இல்லாத சின்னக் கல்லூரியில் இரண்டு ஆண்டில் அவனுக்குப் பாடம் தீர்ந்துவிடும், ஆய்வு மாணவர்களுக்கான வகுப்புகள் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் சேருங்கள் என்றேன். பொறியியல்தான் வேண்டும் என்று தெளிவாக இருக்கும் பிள்ளைக்கும் அப்படித்தான். மூன்றாண்டு இங்கே, இரண்டாண்டு பெரிய பல்கலைக்கழகத்தில் என்ற இரட்டைப் பட்டத் திட்டங்கள் காகிதத்தில் அழகாக இருக்கும்; மூன்றாண்டு பழகிய நண்பர்களையும் ஆசிரியர்களையும் விட்டுவிட்டு உண்மையில் எத்தனை பேர் கிளம்பிப் போகிறார்கள் என்று கேட்டால் எண்ணிக்கை பல இடங்களில் சுருங்கிவிடும்.

ஆனால் எதைப் படிக்கப்போகிறேன் என்று இன்னும் முழுசாகத் தெரியாத, கேள்வி கேட்கக் கூச்சப்படுகிற, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மலர்கிற பிள்ளை இருக்கிறதே, அந்தப் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கிரின்னெலில் கிரான்ட் கேல் என்ற இயற்பியல் ஆசிரியர், டிரான்சிஸ்டர் பிறந்த சூட்டோடு அதை வகுப்பில் கொண்டுவந்து பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ராபர்ட் நாய்ஸ், பிற்பாடு இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். சோளக்காட்டு நடுவில் இருக்கும் ஒரு ஆசிரியர் உலகத்தோடு தொடர்பறாமல் இருந்தால் அது நடக்கும். ஆகவே உங்கள் பிள்ளைக்குப் பாடம் எடுக்கப்போகிறவர் கடைசி மூன்று ஆண்டில் என்ன எழுதியிருக்கிறார் என்று பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். ஆண்டுக்குப் பத்துக் கட்டுரை வேண்டாம். மாணவர் பெயரோடு ஒன்று வந்திருந்தால் போதும், ஆள் உயிரோட்டமாக இருக்கிறார்.

படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் துறை உடனே ஸ்டான்ஃபோர்டு போன ஒருவரைக் காட்டும். எங்கள் துறையும் அதைத்தான் செய்யும். ஐந்து ஆண்டில் பட்டம் வாங்கிய அத்தனை பேரும், பெயர் வேண்டாம், எங்கே இருக்கிறார்கள் என்று பட்டியல் கேளுங்கள். ஆய்வுப் படிப்பு, மருத்துவம், ஆய்வக வேலை, பள்ளி ஆசிரியர், வேறு துறை. நடுவில் இருக்கும் மாணவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதே உங்களுக்கு வேண்டிய செய்தி. அமெரிக்காவில் அறிவியல் முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, மாதச் சம்பளமும் உண்டு. அந்தக் கதவைத் திறப்பதில் பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நான்கு ஆண்டு பக்கத்தில் இருந்து பார்த்தவர் எழுதும் கடிதத்தில், எந்த வெற்றிடப் பம்பை யார் உதவியும் இல்லாமல் அவள் பிரித்துப் பூட்டினாள் என்பதுவரை இருக்கும்.

மே 1-க்கு முன்னால் இன்னும் ஒரு வேலை பாக்கி. சேர்க்கை அலுவலகம் அனுப்பும் வழிகாட்டி மாணவரை விட்டுவிட்டு, துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரோடு அரை மணி நேரம் பேச முடியுமா என்று கேட்க வேண்டும். போன கோடையில் என்ன செய்தாய், யார் பணம் கொடுத்தார்கள், வேண்டிய பாடம் கிடைக்காமல் போனதுண்டா, கருவியைத் தனியாக இயக்கத் தெரியுமா? மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும். அப்பா எழுதினால் எங்களுக்குத் தெரிந்துவிடும். ஏப்ரலில் எங்கள் மாணவர்கள் ஆய்வேட்டில் மூழ்கியிருப்பார்கள். பதிலுக்கு ஒரு வாரம் கொடுங்கள்.